வேம்புக்குச் சித்திரை என்று யார் சொன்னது?

பங்குனி பிறந்து பத்து நாள் ஆனதும் தென்காசிப் பக்கத்துத் தெருக்களில் ஒரு பேச்சு தவறாமல் கிளம்பும். "இந்த வருஷம் கொன்றை மாசியிலேயே பூத்துவிட்டது, காலமே கெட்டுப்போயிற்று" என்பார் ஒருவர். "மரத்துக்குத் தெரியாததா? பஞ்சாங்கம் பார்க்காமலே அது நாள் தவறாது" என்பார் இன்னொருவர். இருவரும் ஒரே மரத்தடியில் நின்றுதான் பேசுகிறார்கள். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருந்தாலும், நாள் தவறாத மரம் மாசியில் எப்படிப் பூத்தது என்ற கேள்வியை இருவரும் கேட்பதில்லை. அந்தக் கேள்விக்கான விடையை அடிப்படையிலிருந்து சொல்லிப் பார்ப்பதே இக்கட்டுரை.

பூப்பது, தளிர்ப்பது, காய்ப்பது, பூச்சிகள் வெளிவருவது போல ஆண்டுதோறும் திரும்ப வரும் நிகழ்வுகள் எப்போது நடக்கின்றன, ஏன் அப்போது நடக்கின்றன என்று ஆராயும் துறைக்குப் பருவநிகழ்வியல் என்று பெயர். பெயர்தான் பெரிது. வேப்பம்பூ உதிரும் நாளில் பாய் விரித்து வைக்கத் தெரிந்த ஒவ்வொரு பாட்டிக்கும் இதில் பாதி தெரியும்.

## நம் இளவேனிலும் குளிர்நாட்டு வசந்தமும்

குழப்பத்தின் முதல் வேர் 'வசந்தம்' என்ற சொல்லிலேயே இருக்கிறது. அந்தச் சொல்லைக் கேட்டதும் பனி உருகி, உறைந்த மண் இளகி, மரங்கள் தூக்கம் கலைந்து பூக்கும் காட்சி நம்மில் பலருக்கு மனத்தில் எழுகிறது. அது குளிர்நாட்டுக் காட்சி. அங்கே மரத்தை முடக்குவது குளிர். குளிர் நீங்கினால் மரம் விழிக்கும்.

நம் ஆறு பருவங்களில் சித்திரையும் வைகாசியும் இளவேனில். அதற்கு முன்னால் மாசி, பங்குனி பின்பனி. அதற்குப் பின்னால் ஆனி, ஆடி முதுவேனில். நம் சமவெளியில் எந்த மாதத்திலும் மண் உறைவதில்லை. இங்கே மரத்தை முடக்குவது வறட்சி. வடகிழக்குப் பருவமழை கார்த்திகையோடு பெரும்பாலும் ஓய்ந்துவிடும். தை முதல் மண் காய்ந்துகொண்டே போகும். மண் ஏறக்குறைய முழுதும் காய்ந்து, வெயில் ஏறிக்கொண்டிருக்கும் பங்குனி சித்திரையில்தான் வேம்பும் புங்கமும் இலுப்பையும் கொன்றையும் பூக்கின்றன. குளிர்நாட்டு மரம் தடை நீங்கிய பிறகு பூக்கிறது என்றால், நம் மரம் தடையின் உச்சத்தில் பூக்கிறது. புரிந்துகொள்ள வேண்டிய புதிர் இதுவே.

## குழாயை மூடினால் தொட்டியில் தண்ணீர் நிற்கும்

மொட்டை மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். கிணற்றிலிருந்து மோட்டார் மெதுவாகத்தான் ஏற்றுகிறது. கீழே பத்துக் குழாய்கள் திறந்திருக்கின்றன. தொட்டி நிறையவே நிறையாது. கிணற்றில் தண்ணீர் கூடாமலேயே தொட்டியை நிறைக்க ஒரு வழி உண்டு: குழாய்களை மூடிவிடுவது.

மரம் செய்வதும் இதுதான். அதன் திறந்த குழாய்கள் இலைகள். வேர் உறிஞ்சிய நீரின் பெரும்பகுதி இலைகளில் உள்ள நுண்துளைகள் வழியாக ஆவியாகப் போய்விடுகிறது. இதற்கு நீராவிப்போக்கு என்று பெயர். தை, மாசியில் மண்ணின் மேல்பகுதி காய்ந்ததும் மரம் பழைய இலைகளை உதிர்க்கிறது. இலை போனதும் செலவு நின்றுவிடுகிறது. ஆழத்தில் இன்னும் ஈரம் இருக்கிறது. ஆழவேர் அதைச் சிறுகச் சிறுக ஏற்றிக்கொண்டே இருக்கிறது. சில வாரங்களில் தண்டும் கிளையும் மொட்டும் மீண்டும் நீரால் விறைக்கின்றன. சொட்டு மழை பெய்யாதபோதும், மரத்தின் உள்ளே மட்டும் மழை பெய்ததுபோல் ஆகிவிடுகிறது. அப்போதுதான் மொட்டு திறக்கிறது. கோஸ்டா ரிக்காவின் வறண்ட காடுகளில் பல ஆண்டுகள் மரங்களின் நீர்நிலையை அளந்த ரோல்ஃப் போர்ச்செர்ட் என்னும் தாவரவியலாளர் 1990-களில் இந்தப் பொறிமுறையைத் தெளிவாக விளக்கினார்.

பூவுக்கு வேண்டிய உணவு எங்கிருந்து வருகிறது என்று கேட்கலாம். மழைக்காலத்தில் இலைகள் சமைத்ததை மரம் மாவுச்சத்தாகத் தண்டிலும் வேரிலும் சேர்த்து வைத்திருக்கிறது. தை அறுப்பில் குதிரில் கொட்டிய நெல்லைச் சித்திரையில் குத்திச் சமைப்பதற்கு இது சமம்.

இதைக் கண்ணால் பார்க்கப் புங்கமரத்தைவிட நல்ல பாடம் இல்லை. தை முடிவில் அதன் இலைகள் மஞ்சளித்து விளிம்பில் கருகித் தொங்கும். மாசியில் சில நாள்கள் மரம் ஏறக்குறைய மொட்டையாக நிற்கும், புதிதாக வீடு வாங்கியவர்கள் அப்போதுதான் "மரம் பட்டுவிட்டது, வெட்டிவிடலாமா?" என்று கேட்பார்கள். அடுத்த பத்துப் பதினைந்து நாளில் கண்ணாடி போலப் பளபளக்கும் இளம்பச்சைத் தளிர் மரம் முழுவதையும் மூடிவிடும். தெருக்குழாயில் தண்ணீர் வராத மாதத்தில், குடியிருப்போர் குடத்தோடு வரிசையில் நிற்கும்போது, அவர்கள் தலைக்கு மேல் இது நடக்கிறது. தளிரைத் தொடர்ந்து வெண்மையும் இளஞ்செந்நீலமும் கலந்த சிறு பூக்கள் வந்து, விடியற்காலையில் தரை முழுவதும் பொரி இறைத்ததுபோல் உதிர்ந்து கிடக்கும். சங்கப் புலவர்களும் புங்கம்பூவுக்கு நெற்பொரியையே உவமையாகச் சொன்னார்கள். அதைவிடப் பொருத்தமான உவமை எனக்கும் கிடைக்கவில்லை.

எல்லா மரமும் ஒரே வரிசையில் இதைச் செய்வதில்லை. முள்ளிலவும் புரசும் இலையே இல்லாமல் செந்நிறமாகப் பூக்கும். இலவின் மரக்கட்டை மென்மையானது, தண்டிலேயே நிறைய நீரைத் தேக்கி வைக்கக்கூடியது. அதனால் அது முந்திக்கொள்கிறது. இலுப்பை இலை உதிர்ந்த கிளை நுனியில் சதைப்பற்றான பூங்கொத்தை விட்டு, இரவில் வௌவாலுக்கு விருந்து வைத்து, இனிப்பான பூவிதழ்களை விடியும்போது உதிர்க்கும். ஆலை இல்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்ற பழமொழியில் உள்ள சர்க்கரை, மழைக்காலத்தில் அந்த மரம் சேமித்த மாவுச்சத்துதான். வேம்பு முழு மொட்டை ஆகாது. பழைய இலை உதிர உதிரச் செம்பு நிறத் தளிர் வந்துகொண்டே இருக்கும், பின்னாலேயே பூ வரும். மாமரம் இந்தக் கூட்டத்தில் சேராது. அதற்கு மார்கழி, தை இரவுகளின் குளிர்ச்சியே முக்கியமான தூண்டுதல்.

வறட்சியில் பூப்பதால் மரத்துக்கு என்ன லாபம்? மகரந்தம் மழையில் நனைந்து கெடாது. இலை மறைக்காத பூ தூரத்திலிருந்தே பறவைக்கும் பூச்சிக்கும் தெரியும். வேம்பைப் பொறுத்தவரை இன்னொரு கணக்கும் உண்டு. அதன் விதையின் முளைப்புத்திறன் சில வாரங்களுக்கு மேல் தங்காது. சித்திரையில் பூத்தால் ஆனி, ஆடியில் பழம் விழும். மழையை ஒட்டி விதை மண்ணைத் தொடும்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: நம் ஊர் மரம் பூப்பதற்கு மழை தேவையில்லை, மரத்தின் உடம்புக்குள் நீர் தேவை. இலையை உதிர்த்து அந்த நீரை மரமே மிச்சம் பிடிக்கிறது.

## பகல் எவ்வளவு நீளம்?

மரம் எப்போது வேண்டுமானாலும் இலையை உதிர்த்து நீரைச் சேர்க்கலாமே, ஏன் ஊர் முழுவதும் ஒரே மாதத்தில் பூக்கிறது? இதற்குப் பொதுவான ஒரு மணியோசை வேண்டும். அது பகலின் நீளம்.

மழை முன்பின்னாகும், வெயில் கூடும் குறையும். ஆனால் ஒரு குறிப்பிட்ட நாளின் பகல் நீளம் ஆண்டுக்காண்டு மாறுவதில்லை. பகலிரவு நீளத்தை அறிந்து அதற்கேற்ப உயிரிகள் நடந்துகொள்வதை ஒளிக்காலத்துவம் என்பார்கள். இலையிலும் மொட்டிலும் உள்ள ஃபைட்டோகுரோம் என்னும் நிறமி வெளிச்சத்தில் ஒரு வடிவத்துக்கும் இருளில் மெல்ல இன்னொரு வடிவத்துக்கும் மாறுகிறது; அந்த மாற்றத்தை வைத்துச் செடி இரவின் நீளத்தை அளக்கிறது.

லண்டனில் மிக நீண்ட பகல் ஏறத்தாழ 16½ மணி, மிகக் குறுகிய பகல் ஏறத்தாழ 8 மணி. சென்னையில் இந்த இடைவெளி ஒன்றரை மணி நேரம்தான். தென்காசியில் ஒரு மணி நேரம். அங்கே பங்குனியில் பகல் நாளொன்றுக்கு ஏறத்தாழ அரை நிமிடம்தான் வளர்கிறது. இவ்வளவு நுண்ணிய வேறுபாட்டை மரம் உணருமா என்று ஐயப்படுவது நியாயமே. வெப்பமண்டல மரங்களில் சில, அரை மணிக்கும் குறைந்த பகல் நீட்சிக்கே, மழை இல்லாதபோதும், மொட்டு விடுகின்றன என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

மரத்துக்கு மாதம் தெரியாது என்பதற்குக் கண்முன் நிற்கும் சான்று குல்மோகர். அதன் தாயகம் மடகாஸ்கர் தீவு. நில நடுக்கோட்டுக்குத் தெற்கே இருக்கும் அந்தத் தீவில் அது ஆண்டின் கடைசி மாதங்களில், அங்கே வேனில் ஏறும்போது, பூக்கிறது. அதே மரத்தை இங்கே கொண்டுவந்து நட்டோம். ஏப்ரல் கடைசியில் தொடங்கி மே முழுவதும் சாலையைச் சிவப்பாக்குகிறது. ஒரே இனம், ஆறு மாத இடைவெளியில் இரண்டு காலண்டர். மாதத்தின் பெயர் அதன் உடம்பில் எழுதப்பட்டிருந்தால் இங்கும் அது நவம்பர் அடைமழையில் அல்லவா பூத்திருக்க வேண்டும்?

உண்மையில் நகர்வது நம் மாதம்தான். சித்திரை முதல் நாளை நாம் விண்மீன்களின் பின்னணியில் சூரியன் நிற்கும் இடத்தை வைத்துக் கணக்கிடுகிறோம். அந்த ஆண்டு, பருவங்களின் ஆண்டைவிட ஏறத்தாழ 20 நிமிடம் நீளம். ஆகவே 72 ஆண்டுகளுக்கு ஒரு நாள் என்ற அளவில் சித்திரை பருவத்தைவிட்டுப் பின்னால் நழுவிக்கொண்டே போகிறது. பகலும் இரவும் சமமாக இருக்கும் நாள் மார்ச் 20 அல்லது 21. நம் புத்தாண்டு ஏப்ரல் 14. இன்னும் இரண்டாயிரம் ஆண்டு கழித்துப் பச்சடிக்கு வேப்பம்பூ வேண்டுமென்றால் பங்குனி தொடக்கத்திலேயே பறித்துக் காயவைக்க வேண்டியிருக்கும்.

## பூச்சியின் கணக்கும் தோசை மாவும்

பூச்சிகளுக்கு வருவோம். மார்கழியில் இரவு கரைத்து வைத்த தோசை மாவு காலையில் பார்த்தாலும் அப்படியே இருக்கும். சித்திரையில் மதியம் கரைத்தால் மாலையில் பாத்திரத்தைத் தாண்டி வழியும். மாவு கடிகாரத்தைப் பார்ப்பதில்லை, பெற்ற வெப்பத்தையே பார்க்கிறது. பூச்சியும் அப்படித்தான். தன் உடல் வெப்பத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ள முடியாததால், சுற்றியுள்ள வெப்பமே அதன் வளர்ச்சியின் வேகத்தை முடிவு செய்கிறது.

இதை அளக்கும் அலகு வெப்பநாள். புரிந்துகொள்வதற்காக ஒரு கற்பனைக் கணக்கு: ஒரு பூச்சி 12 பாகைக்குக் கீழே வளராது என்றும், முட்டையிலிருந்து முழு வளர்ச்சி அடைய 300 வெப்பநாள் தேவை என்றும் வைத்துக்கொள்வோம். நாளின் சராசரி வெப்பம் 22 பாகை என்றால், 12 போக, அன்று அதற்குக் கிடைப்பது 10 வெப்பநாள். முப்பது நாளில் வளர்ந்துவிடும். சராசரி 27 பாகை என்றால் நாளொன்றுக்கு 15. இருபதே நாள் போதும். ஐந்து பாகை வேறுபாட்டில் பத்து நாள் முந்திவிடுகிறது. மாமரத்துத் தத்துப்பூச்சிகள் ஓர் ஆண்டில் திடீரெனப் பெருகிவிட்டதாக விவசாயிகள் சொல்வதன் பின்னணியிலும் இந்தக் கணக்கு இருக்கிறது.

இளவேனிலின் குரல் என்று எங்கள் பகுதியில் சொல்லத்தக்கது சில்வண்டு. குற்றாலத்து மலைச்சரிவிலும் பாபநாசத்துக் காட்டோரத்திலும் பங்குனி, சித்திரையில் வெயில் ஏறியதும் ஒரு மரத்தில் தொடங்கி மலை முழுவதும் ஒலி பரவும். இதைச் சுவர்க்கோழியோடு குழப்பிக்கொள்பவர்கள் மிகுதி. சுவர்க்கோழி இரவில், இறக்கைகளை ஒன்றோடொன்று தேய்த்து ஒலி எழுப்பும். சில்வண்டின் பெரும்பாலான இனங்கள் பகலில் பாடும். அதற்குத் தேய்ப்பே இல்லை. ஆண் பூச்சியின் வயிற்றடியில் இருபுறமும் மடிப்புள்ள மெல்லிய சவ்வு உண்டு. தகர டப்பா மூடியை விரலால் அமுக்கினால் 'டக்' என்று உள்ளே போய், விட்டால் 'டக்' என்று மீள்வதுபோல, தசையால் அந்தச் சவ்வை நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை இழுத்து விடுகிறது. பெரும்பகுதி காற்றறையாக இருக்கும் வயிறு ஒலியைப் பெருக்குகிறது. சில இனங்களின் ஒலி அருகிலிருந்து அளந்தால் 100 டெசிபெலைத் தாண்டும். பாடுவது ஆண் மட்டுமே.

கத்திக் கத்தி வயிறு வெடித்துச் செத்துவிடும் என்று சிறுவயதில் நாங்கள் நம்பினோம். மரப்பட்டையில் முதுகு பிளந்து ஒட்டிக்கொண்டிருக்கும் கூடுகளே எங்கள் சான்று. ஒன்றைப் பறித்து உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள்: தேநீர் நிறத்தில், காகிதத்தைவிட இலேசாக இருக்கும், முன்கால்கள் மட்டும் நண்டின் கொடுக்குபோல் தடித்திருக்கும், கண்களின் வடிவம்கூட அப்படியே பதிந்திருக்கும். அது பிணமல்ல, கழற்றிப்போட்ட சட்டை. இளம்பூச்சி மண்ணுக்குள் வேர்ச் சாற்றை உறிஞ்சியபடி ஆண்டுக் கணக்கில் வாழ்ந்து, மண் போதிய அளவு சூடேறியதும், அந்தத் தடித்த கால்களால் தோண்டிக்கொண்டு வெளியேறி, மரமேறி, சட்டையை உரித்து இறக்கை விரிக்கிறது. மரத்தடியில் நிற்பவர் மேல் பன்னீர்போல் விழும் தூறலும் இதன் வேலைதான். நீர்த்த சாற்றை ஏராளமாகக் குடிக்க வேண்டியிருப்பதால், மிகையான நீரைப் பீய்ச்சி வெளியேற்றுகிறது. இதை அறிந்த பிறகு நான் அந்தத் தூறலை முகத்தில் வாங்கிக்கொள்வதில்லை.

பதின்மூன்று, பதினேழு ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் சில்வண்டு என்று செய்திகளில் படிப்பது வட அமெரிக்காவின் சில இனங்களைப் பற்றியது. நம் மலைகளில் ஆண்டுதோறும் கேட்கிறது, ஏனென்றால் வெவ்வேறு ஆண்டில் முட்டையிலிருந்து வந்தவை ஆண்டுக்கு ஒரு கூட்டமாக முதிர்கின்றன. இந்தியாவிலும் விதிவிலக்கு உண்டு: மேகாலயத்தின் ரிபோய் மாவட்டத்தில் ஓர் இனம் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை மட்டும் வெளிவருகிறது, அதுவும் உலகக் கோப்பைக் கால்பந்து நடக்கும் ஆண்டுகளில்.

தேனீயின் நிலை வேறு. அது எங்கும் புதைந்திருந்து வெளிவருவதில்லை. உணவு இருக்கும் இடத்தைத் தேடிப் போகிறது. மலைத்தேனீக் கூட்டங்கள் பூவைத் தொடர்ந்து இடம்பெயர்கின்றன. கன்னியாகுமரி மாவட்டத்து மார்த்தாண்டத்தில் தேனீ வளர்ப்போர் ஆண்டின் தொடக்க மாதங்களையே பெரிய அறுவடைக் காலமாகக் கொள்கிறார்கள். இங்கே ஒரு வேடிக்கை: அந்தத் தேனின் பெரும்பகுதி பூவிலிருந்து வருவதில்லை. ரப்பர் மரம் இலையுதிர்த்துத் தளிர்க்கும்போது, இளம் இலைக்காம்பின் நுனியில் உள்ள சுரப்பிகள் இனிப்பு நீரைச் சுரக்கின்றன. தேனீ அதையே சேகரிக்கிறது. தளிர் முதிர்ந்தால் சுரப்பு நின்றுவிடும், பருவமும் முடிந்துவிடும்.

ஆகவே, பூச்சிகளில் சில தமக்குக் கிடைத்த வெப்பத்தின் கணக்கில் வெளிவருகின்றன; சில மரத்தின் கணக்கைப் பின்தொடர்கின்றன. ஈசலைப் போன்றவை முதல் மழையின் ஈரத்துக்காகக் காத்திருக்கின்றன. மரத்தை இயக்குவது நீரும் பகலும், பூச்சியை இயக்குவது வெப்பம் என்னும்போது, வெப்பம் மட்டும் கூடினால் இருவரின் நாளும் ஒத்துப்போகாமல் போக வாய்ப்புண்டு.

## மாசியில் பூத்த கொன்றை

இப்போது மரத்தடிப் பேச்சுக்குத் திரும்பலாம். கொன்றை முந்திப் பூத்ததா, காலம் கெட்டதா?

குறுந்தொகையின் 66-ஆம் பாடலில் இதே வழக்கு வருகிறது. கார்காலத்தில் திரும்புவதாகச் சொல்லிப் போனவன் வரவில்லை, கொன்றையோ பூத்துவிட்டது. தோழி தலைவியைத் தேற்றுகிறாள்: பருவம் இன்னும் வரவில்லை, இந்தக் கொன்றைகள் அறிவில்லாதவை, வம்ப மாரியைக் கார் என்று நினைத்துப் பூத்துவிட்டன என்கிறாள். வம்ப மாரி என்றால் காலமல்லாத காலத்தில் பெய்யும் மழை. அவள் சொன்னது தலைவிக்காகச் சொன்ன பொய்யாகவும் இருக்கலாம். ஆனால் தாவரவியலாக எடுத்துக்கொண்டால் குறை சொல்ல இடமில்லை. மரம் பருவத்தைப் பார்ப்பதில்லை, பருவத்தின் அறிகுறியையே பார்க்கிறது. அறிகுறி தவறான நாளில் வந்தால் மரம் ஏமாறும். பாடலில் வரும் கொன்றை கார்காலத்தோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. இன்று நம் தெருக்களில் சரக்கொன்றை பெரும்பாலும் வேனிலில்தான் உச்சமாகப் பூக்கிறது, மழைக்குப் பின் மறுபடி கொஞ்சம் பூப்பதும் உண்டு.

ஆகவே ஒரு மரம் ஓர் ஆண்டு முந்திப் பூத்தால் அதற்குக் காரணங்கள் பல. தையில் பெய்த ஒரு திடீர் மழை போதும். கார்த்திகை மழை பொய்த்து, மண் முன்கூட்டியே காய்ந்து, இலை முன்கூட்டியே உதிர்ந்திருக்கலாம். எங்கள் தெருவில் சாக்கடை ஓரத்தில் ஒரு புங்கமும் மேட்டில் ஒரு புங்கமும் நிற்கின்றன. இரண்டும் ஒரே வாரத்தில் பூத்ததை நான் பார்த்ததில்லை. இந்த இரண்டில் எதைப் பார்த்துவிட்டு ஒருவர் பேசுகிறார் என்பதைப் பொறுத்து, காலம் கெட்டதாகவும் ஆகும், கெடாததாகவும் ஆகும்.

அதற்காகக் காலநிலை மாறவில்லை என்று சொல்வதும் பிழையே. அதை அறியப் பல மரங்களின் பல்லாண்டுக் குறிப்பு வேண்டும். ஜப்பானின் கியோட்டோ நகரில் செர்ரி மரம் முழுதும் பூத்த நாள்களைப் பற்றிய குறிப்புகள் 9-ஆம் நூற்றாண்டிலிருந்தே கிடைக்கின்றன. 2021-இல் மார்ச் 26 அன்று பூத்தது, அதுவரையிலான 1,200 ஆண்டுக் குறிப்புகளில் மிக முந்தியது என்று அதனால்தான் உறுதியாகச் சொல்ல முடிந்தது. நம்மிடம் அத்தகைய நீண்ட குறிப்பு இல்லை. கேரளத்தில் விஷுவுக்கு வேண்டிய கொன்றை அதற்கு வெகு முன்னரே பூத்து உதிர்ந்துவிடுவதாகப் பலரும் சொல்கிறார்கள். அங்குள்ள பள்ளி மாணவர்கள் பெருமளவில் பங்கேற்கும் சீசன்வாட்ச் என்னும் திட்டம், வாரந்தோறும் ஒரே மரத்தைப் பார்த்து இலை, பூ, காய் எவ்வளவு என்று பதிவு செய்து, இந்தப் பேச்சைக் கணக்காக்க முயல்கிறது.

அதைத் தனியாகவும் செய்யலாம். ஒரே மரமாக இருக்க வேண்டும், ஒரே கிழமையில் பார்க்க வேண்டும், பூ இல்லாத வாரத்திலும் "இல்லை" என்று எழுத வேண்டும். கடைசியாகச் சொன்னதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். என் குறிப்பேட்டில் பங்குனி மாதத்து ஞாயிறு ஒன்றின் பக்கம் இப்படி இருக்கிறது: வேம்பு, செம்புத் தளிர், கீழ்க்கிளையில் மட்டும் மொட்டு. சாக்கடைப் புங்கம், பாதிப் பூ. மேட்டுப் புங்கம், பூ இல்லை. கொன்றை, பழைய காய்கள் தொங்குகின்றன, பூ இல்லை. சில்வண்டு, மலையடிவாரத்தில் காலை ஒன்பதரைக்கு ஒன்று மட்டும், கொஞ்ச நேரம் பாடி நிறுத்திவிட்டது.